குத்துச்சண்டை வீரர்களின் பயோபிக்: சண்டைப் பதிவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கும் முறை

வாழ்க்கைப் படங்கள் எல்லாமே கொஞ்சம் கூட்டிக் குறைத்துத்தான் சொல்லும். பாடகர் படத்திலோ விஞ்ஞானி படத்திலோ அதைப் பிடிப்பது கஷ்டம்; மூடிய அறைக்குள் யார் என்ன பேசினார்கள் என்பதற்குச் சாட்சி கிடையாது. குத்துச்சண்டை வீரரின் கதை அப்படியில்லை. அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்ட நிமிடங்கள் விளக்கு வெளிச்சத்தில், நடுவர் முன்னிலையில், ஆயிரக்கணக்கானவர்கள் பார்க்க நடந்தவை. தேதி உண்டு, ரவுண்டு உண்டு, முடிவு உண்டு, பல சண்டைகளுக்கு ஒளிப்பதிவும் உண்டு. அதனால் இந்த வகைப் படங்களை வரிக்கு வரி சரிபார்க்கலாம்.

சரிபார்க்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் நாயகனையே துருவுகிறார்கள். அது பாதி வேலைதான். நாயகனின் குடி, கோபம், தோல்வி எல்லாவற்றையும் படம் ஒப்புக்கொண்டுவிடும். அவற்றை வைத்துத்தான் கதையே ஓடுகிறது. படம் அதிகம் திரிப்பது எதிர்மூலையில் உட்கார்ந்திருப்பவரை. கீழே வரும் முறையில் அதற்குத்தான் அதிக இடம்.

தேவையானவை

நேரம் காட்டும் வசதியோடு படம், வீரரின் சண்டைப் பதிவு (எந்தத் தேதியில் யாரோடு மோதினார், முடிவு என்ன என்ற பட்டியல்), அசல் சண்டையின் ஒளிப்பதிவு, ஒரு ஸ்டாப்வாட்ச், கோடு போட்ட தாள். இரண்டு மணி நேரப் படத்துக்கு ஆறேழு மணி நேரம் பிடிக்கும். ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் கடைசிச் சண்டைக்கு வரும்போது கவனம் போய்விடும். அங்கேதான் வேலை அதிகம்.

1. படத்தைத் தேர்ந்தெடுப்பது

முதலில் அது பயோபிக்தானா என்று பாருங்கள். 'ராக்கி' வாழ்க்கைப் படம் அல்ல. 1975 மார்ச் 24 அன்று முகமது அலியிடம் 15-ஆவது ரவுண்டு வரை நின்ற சக் வெப்னரின் சண்டை அந்தக் கதைக்குத் தூண்டுதல், அவ்வளவே. வெப்னரின் சொந்தக் கதை 2016-இல் 'சக்' என்று தனியாக வந்தது. சில படங்கள் பெயரை மாற்றிவிடும்: 1970-இல் வந்த 'தி கிரேட் ஒயிட் ஹோப்' ஜாக் ஜான்சனின் வாழ்க்கை, ஆனால் நாயகன் பெயர் ஜாக் ஜெஃபர்சன். 1977-இல் வந்த 'தி கிரேட்டஸ்ட்' படத்தில் அலியே அலியாக நடித்தார். இம்மாதிரிப் படங்களை முதல் பயிற்சிக்கு எடுக்காதீர்கள்.

தொடங்க நல்லது 2005-இல் ரான் ஹோவர்ட் இயக்கத்தில் வந்த 'சிண்ட்ரெல்லா மேன்'. ஜேம்ஸ் பிராடாக் 1920-களின் கடைசியில் மேலே வந்து, பொருளாதார மந்தத்தில் விழுந்து, 1935-இல் உலக ஹெவிவெயிட் பட்டம் வென்ற கதை. காலம் குறுகியது, சண்டைகள் கோர்வையாக இருக்கின்றன, படம் நல்லதையும் செய்கிறது, பெரிய தவறையும் செய்கிறது. மூன்றும் ஒரே படத்தில் கிடைப்பது அபூர்வம்.

2. பதிவுத் தாள் தயாரிப்பது

தொழில்முறைச் சண்டைகளுக்கு, முடிவுகளைத் தொகுத்து வைக்கும் பாக்ஸ்ரெக் என்ற இணையதளம் போதும். அதிலிருந்து தேதி, எதிராளி, அப்போது எதிராளியின் வெற்றி தோல்விக் கணக்கு, இடம், ரவுண்டு, முடிவு என்று ஆறு பத்திகளை எடுத்து எழுதுங்கள். எல்லாச் சண்டையும் வேண்டாம். ஜேக் லமோட்டா போன்றவர்கள் நூறுக்கு மேல் சண்டை போட்டவர்கள். படம் தொடும் ஆண்டுகளும், அதற்கு முன்னும் பின்னும் ஓராண்டும் போதும்.

முடிவுக் குறிகளைத் தவறாகப் படிப்பதுதான் இங்கே வழக்கமான சறுக்கல். கேஓ என்றால் எழ முடியாமல் எண்ணி முடிக்கப்பட்டார். டிகேஓ என்றால் நடுவரோ மருத்துவரோ நிறுத்தினார். ஆர்டிடி என்றால் இடைவேளையில் ஸ்டூலை விட்டு எழவில்லை. யூடி மூன்று தீர்ப்பாளர்களும் ஒருமனதாகக் கொடுத்தது. எஸ்டி இரண்டுக்கு ஒன்று. என்சி முடிவில்லாச் சண்டை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கச் சண்டைகளில் 'நியூஸ்பேப்பர் டிசிஷன்' என்று காணப்படும். சில அமெரிக்க மாநிலங்களில் புள்ளித் தீர்ப்பு தடை செய்யப்பட்டிருந்தபோது, மறுநாள் செய்தித்தாள்கள் சொன்ன முடிவு அது. இதைச் சிலர் வெற்றியாக எண்ணுவார்கள், சிலர் விட்டுவிடுவார்கள். ஒரே வீரருக்கு இரண்டு கணக்கு கிடைப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பழைய புள்ளிகள் 8-6-1 மாதிரி சிறிய எண்களாக இருந்தால் திகைக்க வேண்டாம், அவை வென்ற ரவுண்டுகளின் எண்ணிக்கை.

அமெச்சூர் சண்டைகளுக்கு இந்தத் தளத்தை நம்பாதீர்கள். மேரி கோம், கிளாரெஸா ஷீல்ட்ஸ் போன்றவர்களின் படங்களுக்கு ஒலிம்பிக், உலக சாம்பியன்ஷிப் முடிவுப் பட்டியல்களைத்தான் தேட வேண்டும்.

பிராடாக்குக்கு நீங்கள் எழுதும் முக்கிய வரிகள் நான்கு. 1934 ஜூன் 14, கார்ன் கிரிஃபின், 3-ஆவது ரவுண்டில் வெற்றி. அதே ஆண்டு நவம்பரில் ஜான் ஹென்றி லூயிஸ், புள்ளிகளில் வெற்றி. 1935 மார்ச்சில் ஆர்ட் லாஸ்கி, புள்ளிகளில் வெற்றி. 1935 ஜூன் 13, லாங் ஐலண்ட் சிட்டியில் மேக்ஸ் பேர், 15 ரவுண்டு, ஒருமனதான தீர்ப்பு. இருபதுக்கும் மேற்பட்ட தோல்விகளைச் சுமந்துகொண்டு வந்த மனிதர் ஒரே ஆண்டில் இந்த நான்கையும் தாண்டினார். இதில் படம் எதையும் கூட்டத் தேவையிருக்கவில்லை. நான்கும் அந்த வரிசையிலேயே வருகின்றன.

3. இரண்டு முறை பார்ப்பது

முதல் முறை தாளைத் தொடாமல் சும்மா பாருங்கள். படம் உங்களை எங்கே இழுத்துக்கொண்டு போகப் பார்க்கிறது என்று தெரியாமல் தவறு பிடிப்பதில் பயனில்லை. இரண்டாம் முறை சண்டைக் காட்சிகளுக்கு மட்டும் ஓட்டிப் போங்கள். ஒவ்வொன்றுக்கும் படத்தில் தொடங்கும் நிமிடம், திரையில் எழுதிக் காட்டும் தேதியும் இடமும், காட்டப்படும் ரவுண்டுகள், முடிவு ஆகியவற்றைக் குறியுங்கள். கூடவே இன்னொரு பத்தி: எதிராளிக்குப் பெயர் சொல்லப்படுகிறதா, வளையத்துக்கு வெளியே அவருக்கு எத்தனை வசனம். பின்னால் மிகவும் உதவுவது இந்தப் பத்திதான்.

4. விட்டது, நகர்த்தியது, ஒட்டியது

இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசங்கள் மூன்று வகையாகப் பிரியும்.

விட்டது பெரும்பாலும் குற்றமில்லை. நூறு சண்டையையும் காட்ட முடியாது. ஆனால் எதை விட்டார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். வினி பாசியென்சா 1991 நவம்பரில் கார் விபத்தில் கழுத்து முறிந்து, தலையைச் சுற்றி உலோகச் சட்டம் மாட்டிக்கொண்டு கிடந்து, 1992 டிசம்பரில் லூயிஸ் சன்டானாவோடு மோதி வென்றார். உண்மையான மறுபிரவேசம் அது. 2016-இல் வந்த 'ப்ளீட் ஃபார் திஸ்' அதைத் தாண்டி, 1994 ஜூனில் ராபர்டோ டுரானோடு நடந்த சண்டையையே மறுபிரவேசமாக்குகிறது. நடுவில் முன்னாள் சாம்பியன் லாயிட் ஹனிகனோடு நடந்தது உட்படப் பல சண்டைகள் காணாமல் போகின்றன. ஏன் என்று ஊகிப்பது கடினமில்லை: டுரான் என்ற பெயருக்கு இருக்கும் எடை சன்டானாவுக்கு இல்லை.

நகர்த்தியது இன்னும் நுட்பமானது. 'தி ஃபைட்டர்' படத்தில் மிக்கி வார்டை மனமொடிய வைப்பது, தன்னைவிடக் கனமான மைக் மன்ஜினோடு நடக்கும் சண்டை. பதிவில் அது 1988-இல் இருக்கிறது. வார்டு விளையாட்டை விட்டு ஒதுங்கியது 1991-இல், தொடர்ச்சியாக நான்கு தோல்விகளுக்குப் பிறகு. நான்கு சாதாரணத் தோல்விகளை விட அநியாயமான ஒரு தோல்வி திரையில் நன்றாக வேலை செய்யும். குற்றத்தை, அவரை நிர்வகித்த குடும்பத்தின் தலையில் போடவும் வசதி.

ஒட்டுவது இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் நடக்கும், இரண்டு மனிதர்களுக்கும் நடக்கும். ஜேக் லமோட்டாவைப் பற்றிய 'ரேஜிங் புல்' படத்தில் வரும் தம்பி ஜோயி, உண்மையான தம்பியும் லமோட்டாவின் நண்பர் பீட் சாவேஜும் சேர்ந்த பாத்திரம். 'மேரி கோம்' படத்தில் 2008 உலக சாம்பியன்ஷிப் இறுதிச் சண்டையும் குழந்தையின் இதய அறுவைச் சிகிச்சையும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. சிகிச்சை உண்மையில் 2011-இல் நடந்தது.

பட்டம் எது என்பதையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள். டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ என்ற நான்கும்தான் பெரிய அமைப்புகள். 2000 மார்ச்சில் லண்டனில் ஷியா நியரியை வென்று வார்டு பெற்றது டபிள்யூபியூ என்ற சிறிய அமைப்பின் பெல்ட். படம் 'உலகப் பட்டம்' என்று சொல்லும்போது எந்த உலகம் என்று கேட்பது நம் வேலை.

5. எதிராளியை விசாரிப்பது

இப்போது நாயகனின் பக்கத்தை மூடிவிட்டு எதிராளியின் பதிவைத் திறங்கள். அவருக்கும் அதே ஆறு பத்திகள்.

மேக்ஸ் பேரை எடுத்துக்கொள்ளுங்கள். 'சிண்ட்ரெல்லா மேன்' அவரை வளையத்தில் ஆளைக் கொன்றுவிட்டு அதில் பெருமைப்படும் முரடனாகக் காட்டுகிறது. பிராடாக்கின் மனைவியிடமே வக்கிரமாகப் பேசுகிறார். பதிவு என்ன சொல்கிறது? 1930 ஆகஸ்ட் 25 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் பேரோடு மோதிய ஃபிராங்கி கேம்ப்பெல் இறந்தது உண்மை. அந்தச் சாவு பேரை நெடுங்காலம் வாட்டியது என்பதும், கேம்ப்பெல் குடும்பத்துக்கு அவர் பண உதவி செய்தார் என்பதும் உண்மை. அவர் கணக்கில் எழுதப்படும் இன்னொரு சாவு எர்னி ஷாஃபுடையது. ஷாஃப் பேரிடம் அடி வாங்கியது 1932 ஆகஸ்டில். இறந்தது 1933 பிப்ரவரியில், பிரிமோ கார்னேராவோடு மோதிய பிறகு. இடைவெளி ஆறு மாதம். 1933 ஜூனில் ஜெர்மனியின் மேக்ஸ் ஷ்மெலிங்கைத் தோற்கடித்தபோது பேர் தன் கால்சட்டையில் யூதர்களின் அடையாளமான தாவீதின் நட்சத்திரத்தைத் தைத்திருந்தார். ஹிட்லர் பதவிக்கு வந்து சில மாதங்களே ஆன நேரம் அது. பிராடாக்கோடு மோதிய அன்று வளையத்துக்குள் அவர் செய்தது கோமாளித்தனம்; ஒழுங்காகப் பயிற்சியும் எடுக்கவில்லை, எதிரியை மதிக்கவுமில்லை. பிராடாக் வென்றதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் நாயகன் சோம்பேறிக் கோமாளியை வென்றார் என்று எழுதினால் உச்சக்காட்சி சப்பென்று போய்விடும். கொலைகாரன் தேவைப்பட்டான்.

அடுத்தது 'தி ஹரிக்கேன்', 1999, நார்மன் ஜூயிசன். ரூபின் கார்ட்டர் செய்யாத கொலைகளுக்காகச் சிறையில் கிடந்து 1985-இல் வெளியே வந்த கதை. 1964 டிசம்பர் 14 அன்று ஃபிலடெல்ஃபியாவில் ஜோயி ஜியார்டெல்லோவோடு நடந்த பட்டச் சண்டையை, கார்ட்டர் அடித்து நொறுக்கியும் நிறவெறியால் தீர்ப்பாளர்கள் பறித்துவிட்டதாகப் படம் காட்டுகிறது. பதிவில் ஜியார்டெல்லோவுக்கு 15 ரவுண்டு, ஒருமனதான தீர்ப்பு. களவாடப்பட்ட சண்டை என்ற பெயர் அதற்கு அப்போது இருக்கவில்லை. சிறைக்கு அனுப்பிய அநீதி உண்மை என்பதால் வளையத்தின் அநீதியையும் நாம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறோம். படத்தின் கெட்டிக்காரத்தனம் அங்கேதான்.

படம் வந்தபோது ஜியார்டெல்லோ உயிரோடு இருந்தார். வழக்குப் போட்டார், சமரசத்தில் முடிந்தது. மேக்ஸ் பேர் 1959-இலேயே இறந்துவிட்டார். அமெரிக்கச் சட்டப்படி இறந்தவருக்காக அவதூறு வழக்குத் தொடுக்கப் பொதுவாக முடியாது. மகன் ஆட்சேபித்தார், அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. எனவே தாளில் ஒரு சிறு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள்: படம் வந்த ஆண்டில் எதிராளி உயிரோடு இருந்தாரா? கதை உரிமை விற்றவர் நாயகன் அல்லது அவர் குடும்பம். எதிராளியிடம் யாரும் கையெழுத்துக் கேட்பதில்லை. இறந்தும் போயிருந்தால் எழுதுகிறவர் கை இன்னும் தாராளமாகிவிடும்.

எல்லாப் படமும் வில்லன் செய்வதில்லை. சில படங்கள் எதிராளியை வெறும் உடம்பாக்கிவிடும். லமோட்டாவும் சுகர் ரே ராபின்சனும் ஆறு முறை மோதினார்கள். லமோட்டா வென்றது ஒன்றே ஒன்று, 1943 பிப்ரவரி 5, டெட்ராய்ட். ராபின்சனின் தொழில்முறை வாழ்வில் அதுதான் முதல் தோல்வி. இருபத்தொரு நாளில் மறுபடி மோதி ராபின்சன் பழி தீர்த்துக்கொண்டார். இத்தனை நெருக்கமான எதிரி, ஆனால் 'ரேஜிங் புல்' படத்தில் வளையத்துக்கு வெளியே அவருக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒரு வாழ்க்கை கிடையாது. இதைத் தவறு என்று எழுத மாட்டோம். லமோட்டாவின் தலைக்குள் உட்கார்ந்து பார்க்கிற படம் அது. அந்தத் தலைக்குள் ராபின்சன் தண்டனையாக மட்டுமே வருகிறார்.

மைக்கேல் மேன் 2001-இல் எடுத்த 'அலி' வேறு வழியில் போனது. சோனி லிஸ்டனாக மைக்கேல் பென்ட், ஜோ ஃபிரேசியராக ஜேம்ஸ் டோனி, ஜார்ஜ் ஃபோர்மனாக சார்ல்ஸ் ஷஃபர்ட்: மூவரும் நிஜக் குத்துச்சண்டை வீரர்கள், முதல் இருவர் உலகப் பட்டம் வென்றவர்கள். வசனம் குறைவாக இருந்தாலும் நிற்பதிலும் நகர்வதிலும் அவர்களுக்கு மரியாதை கிடைத்துவிடுகிறது.

6. வளையத்தை அளப்பது

இது வேகமாக முடியும். ஆண்களின் தொழில்முறை ரவுண்டு 3 நிமிடம், இடைவேளை 1 நிமிடம். ஸ்டாப்வாட்சை எடுத்து மூலையில் பயிற்சியாளர் பேசுவதை அளந்து பாருங்கள். ரத்தம் துடைத்து, வீக்கத்தை அழுத்தி, தண்ணீர் கொடுத்து, இத்தனை வசனமும் 60 விநாடியில் நடக்குமா?

பட்டச் சண்டை 15 ரவுண்டிலிருந்து 12 ஆனது 1982-க்குப் பிறகு. அந்த நவம்பரில் பட்டச் சண்டையில் அடிபட்ட கொரிய வீரர் கிம் டுக்-கூ இறந்ததை அடுத்து டபிள்யூபிசி முதலில் குறைத்தது; மற்றவை 1988-க்குள் பின்தொடர்ந்தன. கையுறை எடை 147 பவுண்டு வரை 8 அவுன்ஸ், அதற்கு மேல் 10. பழைய காலத்தில் இன்னும் மெலிது. கட்டைவிரல் சேர்த்துத் தைத்த கையுறை 1940-களின் சண்டையில் தெரிந்தால் கலை இயக்குநர் தூங்கிவிட்டார் என்று அர்த்தம். அமெச்சூர் தலைக்கவசம் ஒலிம்பிக்கில் வந்தது 1984-இல், ஆண்களுக்கு எடுக்கப்பட்டது 2013-இல். மாறாக, 1919-ஐக் காட்டும் படத்தில் வீழ்ந்தவன் தலைமாட்டிலேயே மற்றவர் நின்று எழுந்ததும் அடித்தால் அது பிழை இல்லை. ஒதுங்கி, இருவருக்கும் சொந்தமில்லாத நடுநிலை மூலைக்குப் போக வேண்டும் என்ற விதி அப்போது நடைமுறையில் இல்லை.

குத்துகளையும் ஒரு ரவுண்டு எண்ணுங்கள். நிஜ ஹெவிவெயிட் சண்டையில் ஒருவர் ரவுண்டுக்குச் சுமார் 45 குத்து விடுவார், மூன்றில் ஒன்றுதான் படும். படத்தில் அரை நிமிடத்துக்குள் பத்துப் பன்னிரண்டு முழுக் குத்து முகத்தில் இறங்கும், கைக்காப்பு கீழேயே இருக்கும். நடிகரின் முகம் தெரிய வேண்டுமே. நிஜச் சண்டையில் பாதி நேரத்தைத் தின்கிற கட்டிப்பிடித்தலும் நடுவர் பிரித்துவிடுவதும் திரையில் அநேகமாக இருக்காது.

7. அசல் ஒளிப்பதிவோடு ஒப்பிடுவது

படத்தைப் பார்த்த சூட்டோடு அசலைப் பார்க்காதீர்கள். கண் படத்தில் பார்த்ததையே தேடும். ஒரு நாள் விடுங்கள். பிறகு ஒலியை முழுக்க நிறுத்திவிட்டுப் பாருங்கள், வர்ணனையாளரும் ஒரு கதை சொல்கிறவர்தான். ஐந்து நிமிடத் தொகுப்புகளைத் தவிர்த்து முழுச் சண்டையைத் தேடுங்கள். தொகுப்பை வெட்டியவர் நாக்அவுட்டை நோக்கியே வெட்டியிருப்பார், படம் செய்ததையே இன்னொரு முறை செய்திருப்பார்.

நல்ல பயிற்சி 1974 அக்டோபர் 30, கின்ஷாசா, அலிக்கும் ஃபோர்மனுக்கும் நடந்த சண்டை. கயிற்றில் சாய்ந்து அடி வாங்கியே அலி ஜெயித்தார் என்றுதான் எல்லோர் மனத்திலும் பதிந்திருக்கிறது. முதல் ரவுண்டை மட்டும் தனியாகப் பாருங்கள். வளையத்தின் நடுவே, ஜாப் (முன்கையால் விடும் நேர்க்குத்து) கூட இல்லாமல், நேராக வலது கையால் ஃபோர்மனை அடித்துக்கொண்டிருக்கிறார் அலி. அது பலிக்காதபோதுதான் கயிறு வருகிறது. 8-ஆவது ரவுண்டில் முடிவு. படத்தில் இந்தத் திருப்பம் எத்தனை விநாடி என்று அளந்து எழுதுங்கள்.

லமோட்டா 1949 ஜூன் 16 அன்று மார்செல் செர்டானிடம் பட்டம் வென்ற சண்டையையும் இப்படிச் செய்யலாம். தொடக்கத்திலேயே செர்டானின் தோளில் காயம். 10-ஆவது ரவுண்டுக்கு அவர் எழவில்லை. மறுசண்டைக்குக் கிளம்பியவர் அக்டோபரில் விமான விபத்தில் இறந்தார். படத்தில் அந்தத் தோளைத் தேடிப் பாருங்கள்.

8. கடைசிக் காட்சிக்கு அடுத்த வரி

படம் முடியும் சண்டையை உங்கள் தாளில் கண்டுபிடித்து அதற்குக் கீழே படியுங்கள். 1956-இல் வந்த 'சம்படி அப் தேர் லைக்ஸ் மீ' ராக்கி கிராசியானோ 1947 ஜூலையில் டோனி சேலை வெல்வதோடு முடிகிறது. 1948 ஜூனில் அதே சேல் அவரை 3-ஆவது ரவுண்டில் வீழ்த்தினார். பிராடாக்கின் அடுத்த வரி 1937 ஜூன் 22, ஜோ லூயிஸ், 8-ஆவது ரவுண்டில் நாக்அவுட். வார்டின் விஷயம் தலைகீழ்: 2002, 2003-இல் ஆர்ட்டுரோ கட்டியோடு நடந்த மூன்று சண்டைகளுக்காகத்தான் அவரை உலகம் நினைவில் வைத்திருக்கிறது, படம் அதற்கு முன்பே நின்றுவிடுகிறது. பதக்கத்தைத் தாண்டியும் நடக்கத் துணிந்த படம் 2024-இல் வந்த 'தி ஃபயர் இன்சைட்'. 2012 லண்டன் தங்கத்துக்குப் பிறகு கிளாரெஸா ஷீல்ட்ஸுக்கு விளம்பர ஒப்பந்தங்கள் வராத நாட்களும் அதில் கதைதான்.

9. ஒரே சண்டை, இரண்டு படம்

முறை கைவந்த பிறகு ஒருவர் நாயகனாகவும் எதிராளியாகவும் வரும் படங்களை ஜோடியாக எடுங்கள். கின்ஷாசா இரவு 2001-இல் வந்த 'அலி' படத்தில் உச்சம். 2023-இல் வந்த 'பிக் ஜார்ஜ் ஃபோர்மன்' படத்தில் அதே இரவு வீழ்ச்சி. டுரானுக்கு ஒரே ஆண்டில் இரண்டும் கிடைத்தன: 2016-இன் 'ஹேண்ட்ஸ் ஆஃப் ஸ்டோன்' படத்தில் 1980 ஜூனில் மான்ட்ரியலில் சுகர் ரே லெனார்டை வென்று, நவம்பரில் நியூ ஆர்லியன்ஸில் 8-ஆவது ரவுண்டில் பாதியிலேயே முதுகு காட்டிய நாயகன், 'ப்ளீட் ஃபார் திஸ்' படத்தில் பாசியென்சா தாண்ட வேண்டிய மலை. இரண்டுக்கும் ஒரே தாளைப் பயன்படுத்துங்கள். எதிராளியின் வயது என்று ஒரு பத்தி கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள்: பாசியென்சாவோடு மோதிய அன்று டுரானுக்கு 43 முடிந்திருந்தது.